அப்பாவுக்காகத் திருத்திய வீடு

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு மகள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று கனடாவிலிருந்து தம்பி சொன்னான். அப்பாவின் நற்குணங்களை எழுதினால் போதும், கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் வேண்டாம் என்றும் சொன்னான். அப்படியே எழுத இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் அது வேறு யாரோ ஒருவரின் அப்பாவைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்பாவின் சகோதரர்களும், அவரோடு வேலை செய்தவர்களும், அயலவர்களும் இதை வாசிப்பீர்கள். இதில் குறை கண்டால் அது என்னுடையது, அப்பாவுடையதல்ல.

அப்பா வெருகலுக்கு அண்மையில், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு கிராமத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். அவருடைய தகப்பனார் மாரியில் வயலும் கோடையில் கடலுமாக உழைத்தவர். பத்தாம் வகுப்போடு அப்பாவைத் திருகோணமலைக்கு அனுப்பி வைத்தார்கள். கப்பல்துறையில் தாய்மாமன் வீட்டில் தங்கி, துறைமுகத்தில் மின்வேலை பழகினார். பழகிய இடத்திலேயே வேலையும் கிடைத்தது. ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருந்தார்.

அவரோடு வேலை செய்தவர்கள் மரணவீட்டில் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். யாராவது ஏணியில் ஏறி வேலை செய்யும்போது, அப்பா பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு அதன் மேல் கையை வைத்தபடியே நிற்பாராம். ஏறியவர் இறங்கி வந்து தோளில் தட்டும் வரைக்கும் கையை எடுக்க மாட்டாராம். வேறு ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நாளே இல்லையாம். அப்பாவின் குணத்தைச் சொல்ல எனக்கு இதைவிட வேறொன்று வேண்டாம்.

திருமணமாகிச் சில வருடங்களின் பின், அப்பாவும் அம்மாவும் துறைமுகத்தைப் பார்த்த சரிவில் இருந்த பழைய பங்களாவை வாங்கினார்கள். முன்னால் விறாந்தை, நடுவில் ஒரு ஹோல், இரு பக்கமும் அறைகள், பின்னால் சமைக்கிற குசினி. மலசலகூடமும் குளிக்கும் இடமும் வீட்டுக்கு வெளியே, ஆறு படி இறங்கிப் போக வேண்டும். வாங்கியபோது வீட்டில் மின்சாரம் இல்லை. அப்பா விடுமுறை நாட்களில் தானே வயர் இழுத்தார். தன் பிள்ளைகள் பிறந்து வளரப்போகும் வீட்டுக்கு வேறொருவர் வயர் இழுப்பதை அவர் விரும்பவில்லை என்று அம்மா சொல்லுவா. தம்பியும் நானும் அங்கேதான் பிறந்தோம். சண்டையால் இடம்பெயர்ந்து போன வருடங்களில் வீட்டை விட்டுவிட்டு நான்கு பேரும் உறவினர் வீடுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் இருந்தோம். திரும்பி வந்தபோது ஓடுகளும் கதவுகளும் போயிருந்தன. சுவர் மட்டும் நின்றது. அப்பா ஒரு முறைப்பாடும் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து வயர் இழுத்தார்.

அம்மா இறந்த பிறகு அப்பா அந்த வீட்டில் தனியே இருந்தார். நானும் கணவரும் உவர்மலையில் வாடகைக்கு இருந்தோம். தினமும் பின்னேரம் போய்ப் பார்ப்போம். அப்பாவுக்குச் சிறு சிறு மறதிகள் வரத் தொடங்கியிருந்தன. குடித்த தேநீரைக் குடிக்கவில்லை என்பார். என்னைச் சில வேளை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வயது போனால் இப்படித்தான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு மழை நாளில் அந்த ஆறு படியில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மணித்தியாலம் மழைக்குள் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. அன்றைக்குத்தான் வீட்டுக்குள்ளே ஒரு குளியலறை கட்டுவது என்று முடிவெடுத்தோம்.

கட்டுவதற்கு இடம் இல்லை. வீட்டின் பின்னால் கருங்கற்பாறை. ஒரு பக்கம் அயலவரின் மதில். மற்றப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆனால் கரையோரத்துக்குக் கிட்ட இருப்பதால் பழைய அத்திவாரத்துக்கு வெளியே ஓர் அடியும் போகக் கூடாது என்று அனுமதி கேட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். உள்ளே எதையும் மாற்றலாம், வெளிச்சுவரைத் தாண்டக் கூடாது. மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில்தான்.

கிண்ணியாவிலிருந்து மேசன் ரஹீம் நானாவைக் கூப்பிட்டோம். அப்பாவுக்கு இருபது வருடம் பழக்கமானவர். அவர் ஹோலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"வெளிய போக ஏலாட்டி உள்ளுக்குத்தான் எடுக்கோணும் தங்கச்சி. குசினிய பாத்ரூமாக்குவம். குசினிய முன்னுக்குக் கொண்டு வருவம். வாப்பாட அறைக் கதவ இந்தப் பக்கம் திருப்பினா நாலு எட்டில பாத்ரூமுக்குப் போயிருவாரு."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அது நல்ல யோசனைதான். குசினியின் பின்கதவை அடைத்து அந்த இடத்தில் ஒரு சிறு யன்னல் வைப்பது, ஹோலுக்கும் முன்னறைக்கும் இடையிலிருந்த சுவரை எடுப்பது, தடக்கி விழாமல் எல்லா நிலைப்படிகளையும் எடுத்து ஒரே மட்டத்தில் ரைல் பதிப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. சுவர்கள் மாறியதால் வயர்களும் மாறின. தம்பி கனடாவிலிருந்து மாதிரிக் குளியலறைகளின் படங்கள் அனுப்பினான். நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் நேரே அங்கே போவேன். ஒவ்வொரு சுவரையும் அப்பாவை நினைத்துத்தான் தீர்மானித்தேன் என்பதைச் சத்தியமாகச் சொல்ல முடியும்.

வேலை நடந்த ஐந்து மாதமும் அப்பா எங்களோடு உவர்மலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்கு முன்னால் நிறுத்துவோம். கூரையைக் கண்டதும் முகம் தெளிந்துவிடும்.

"எங்கட வீடு தானே, பிள்ளை?"

"ஓம் அப்பா."

"உள்ளுக்குப் போகேலாதோ?"

"இப்ப ஏலாது அப்பா. ஒரே சீமெந்துத் தூசி. முடியட்டும், போவம்."

அப்பா தலையாட்டுவார். தூசி அவருடைய நெஞ்சுக்கு ஆகாது என்றுதான் நினைத்தேன். ஒரு முகக்கவசத்தைக் கட்டி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், இந்தச் சுவர் போகிறது, இந்தக் கதவு மாறுகிறது என்று கிழமைக்குக் கிழமை காட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

வேலை முடிந்த நாளில் ரஹீம் நானா என்னை வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி வீட்டைக் காட்டினார். அதே கூரை, அதே விறாந்தை, அதே மஞ்சள் சுவர். உள்ளே ஒரு புது வீடு இருப்பது வெளியில் நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

பால் காய்ச்சிய அன்று காலை அப்பாவைக் கூட்டி வந்தோம். படலையை அப்பாவே திறந்தார். அது நிலத்தில் உரசும், கொஞ்சம் தூக்கித்தான் தள்ள வேண்டும். அப்பா தூக்கித் தள்ளினார். விறாந்தையில் செருப்பைக் கழற்றி எப்போதும் வைக்கும் மூலையில் வைத்தார். ஹோலுக்குள் இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார்.

"இது ஆற்ற வீடு, பிள்ளை?"

"எங்கட வீடு தான் அப்பா. உங்களுக்காகத் திருத்தினது."

அப்பா சுற்றிப் பார்த்தார். என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வீடு. வடிவாச் செய்திருக்கினம். வீட்டுக்காரர் எங்க?"

"நீங்கள் தான் மாமா வீட்டுக்காரர்" என்றார் கணவர்.

பகிடி என்று நினைத்து அப்பா மறுபடியும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "வா பிள்ளை, போவம். ஆக்கள் இல்லாத வீட்டுக்குள்ள நாங்கள் நிக்கிறது சரியில்லை."

நாங்களும் அவரோடு அங்கேயே குடிவந்தோம், இரண்டொரு நாளில் பழகிவிடும் என்று நினைத்தோம். பழகவில்லை. அதன் பிறகு அப்பா இருந்த பதினான்கு மாதமும் தன்னுடைய வீட்டில் ஒரு விருந்தாளியாகத்தான் இருந்தார்.

காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பை நான்காக மடித்துத் தலையணைக்கு மேல் வைப்பார். தண்ணீர் குடிப்பதற்கும் கேட்டுத்தான் குடிப்பார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். குளிர்சாதனப் பெட்டியைத் தொடவே மாட்டார். தன் உடுப்புகளை அலுமாரியில் அடுக்க விடாமல் ஒரு பையில் போட்டுக் கட்டிலின் கீழே வைத்திருந்தார். இவை எனக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து மற்றவர்கள் வீட்டில் இருந்த காலத்தில் தம்பிக்கும் எனக்கும் அப்பா சொல்லித் தந்த ஒழுங்குகள்தான். ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கு எங்களை வைத்திருந்த மாதிரியே இப்போது தன்னை வைத்துக்கொண்டார்.

ஹோலின் இடப்பக்கச் சுவரில், முழங்கை உயரத்தில், முன்பு ஒரு சுவிட்ச் இருந்தது. பொழுது சாயும்போது அப்பா எழுந்து அந்த இடத்துக்குப் போவார். வெறும் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பார். புதிய சுவிட்ச் கதவடியில் இருந்தது. நான் ஓடிப்போய் அதைப் போடுவேன். வெளிச்சம் வரும். அப்பா மேலே விளக்கைப் பார்ப்பார், பிறகு தன் கையைப் பார்ப்பார். பழைய இடத்திலேயே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தோம். அதற்குள் அவருடைய கை அந்த இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டது.

இதைவிடக் கஷ்டமானது வெளியில் நடந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அவருக்கு வீடு தெரிந்துவிடும். "அந்தா, எங்கட வீடு" என்று கை நீட்டிக் காட்டுவார். சந்தோஷமாக உள்ளே வருவார். உள்ளே வந்ததும் "இதில்லை" என்பார். மறுபடியும் வெளியே போவார். இந்த வீட்டுக்குள் போவதற்கு வேறு எங்கோ ஒரு வாசல் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டைச் சுற்றி வருவார். ஊருக்குள் திரிந்து எங்கள் வேலியோரம் மேய்கிற மான்கள் அவர் வந்தால் விலக மாட்டா. அவ்வளவு தூரம் அவை அவருக்குப் பழகிவிட்டன.

ஒரு நாள் பின்பக்கத்தில், பழைய குசினிக் கதவு இருந்த இடத்தில் நின்றார். புதுச் சாந்து பூசிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இந்தக் கதவை ஆர் அடைச்சது?"

"நான் தான் அப்பா."

"ஏன் பிள்ளை?"

கோபத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீங்கள் விழுந்ததால், வெளியே கட்ட விடாததால், வேறு இடம் இல்லாததால் என்று எல்லாக் காரணத்தையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நாங்கள் எதால உள்ளுக்குப் போறது?" என்றார்.

அடுத்த கிழமை ரஹீம் நானாவை வரச் சொன்னேன். பழையபடி கட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அப்பா ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"இருங்கோ. நீங்களோ வீட்டுக்காரர்? உங்கட உபகாரத்தை மறக்கமாட்டம். கெதியில போயிடுவம்."

நானா இருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி விறாந்தைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"ஒடைச்சிக் கட்டலாம் தங்கச்சி" என்றார். "மூணு கிழமைல முடிப்பன். ஆனா பாத்ரூம் இல்லாமப் போகும், மறுகாவும் விழுவாரு. அதோட, நான் என்ன மாதிரிக் கட்டினாலும் அந்தப் பழைய ஊடு வராது. அந்தச் சுவரெல்லாம் ஒடஞ்ச கல்லாப் போயிட்டு."

பின்னால் அடுக்கி வைத்திருந்த பழைய கதவை அவரே துடைத்து எடுத்து வந்து, கூலியும் வாங்காமல், அப்பாவின் அறைக்குப் பொருத்தினார். மறுநாள் காலை அந்தக் கதவைக் கண்டதும் அப்பா விரைந்து போனார். கொண்டியை ஒரு கையால் தட்டித் திறந்தார், இத்தனை வருடமும் திறந்த மாதிரியே. உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினார். "வேற ஆக்களின்ர அறை" என்றார்.

மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இந்த மறதி நோய் உள்ளவர்களுக்கு இடம் மாறுவது பெரிய கஷ்டம் என்று அவர் சொன்னார்.

"திருத்தாமல் விட்டிருந்தா இப்பிடி வந்திருக்காதோ, டொக்டர்?"

"மறதி எப்பிடியும் கூடித்தான் இருக்கும். திரும்பவும் விழுந்துமிருப்பார். எது முந்தி வந்திருக்கும் எண்டு என்னால சொல்லேலாது, அம்மா."

அப்பா குளியலறையில் ஒரு நாளும் விழவில்லை. கைபிடிகள் சரியான உயரத்தில் இருந்தன. நாங்கள் நினைத்தபடி நடந்தது அது ஒன்றுதான்.

கடைசி மாதங்களில் நான் அவரைத் திருத்துவதை விட்டுவிட்டேன். இது உங்கட வீடு என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பயம் வரும். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்ற பயமோ, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயமோ தெரியாது. ஆகவே "நாளைக்குப் போவம் அப்பா" என்று சொல்லப் பழகினேன். "ஓம், நாளைக்குப் போவம்" என்று அவரும் பையைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டுப் படுப்பார். எத்தனை நாளைக்கு அப்படிச் சொன்னேனோ தெரியாது. அப்பாவிடம் அதற்கு முன் நான் பொய் சொன்னதில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். கூட்டி வந்து அவருடைய அறையில் கிடத்தினோம். எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டிக்குப் பிறகு போதும் என்று கையைக் காட்டினார். அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி" என்றார். தெரியாத பெண்களை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்கோ."

"உங்களுக்குப் பெரிய கரைச்சல் தந்திட்டன்."

"ஒரு கரைச்சலும் இல்லை."

"என்ர மகள் வருவா. வீடு திருத்துறா. அது இன்னும் முடியேல்லைப் போல, அதுதான் சுணங்குது." மூச்சு வாங்கினார். "அவவைக் குறையா நினைக்காதேங்கோ. என்னை விட்டிட்டுப் போற ஆள் இல்லை அவ."

நான்தான் அந்த மகள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்தப் பயம் திரும்பவும் முகத்தில் வரும். அதைக் கடைசியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நாங்கள் குறையா நினைக்கேல்லை, ஐயா" என்றேன்.

"வந்தா சொல்லுங்கோ. நான் இங்க சுகமா இருந்தனான் எண்டு."

"சொல்லுறன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணியளவில், நானும் கணவரும் பக்கத்தில் இருக்க, அமைதியாக மூச்சு நின்றது. அவருக்கு எழுபத்தொன்பது வயது.

அன்றைக்கு நல்ல மழை. அப்பாவை ஹோலில் கிடத்தியிருந்தோம். வெருகலிலிருந்தும் சல்லியிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் வந்த அத்தனை பேரும் நனையாமல் உள்ளே இருக்க இடம் இருந்தது. சுவரை எடுத்தது நல்லதாகப் போயிற்று என்று பலர் என்னிடம் சொன்னீர்கள். ஆறுதலுக்குச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தலையாட்டினேன்.

உங்கள் வீட்டிலும் வயது போனவர் ஒருவர் இருந்து, அவருக்காக வீட்டைத் திருத்த நேர்ந்தால், வேலை நடக்கும்போதே அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தூசியைப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்திருந்தால் எங்களுக்கு உதவியிருக்குமோ தெரியாது. உங்களுக்கு உதவக்கூடும்.

அப்பாவை மழைக்குள் கண்டு தூக்கிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அவர் வழி கேட்டு வந்த போதெல்லாம் முகம் சுளிக்காமல் தேநீர் கொடுத்துக் கூட்டி வந்து விட்ட எங்கள் வீதிக்காரர் எல்லோருக்கும், ஆஸ்பத்திரியில் பொறுமையோடு பார்த்த மருத்துவர், தாதியருக்கும், மரணவீட்டு வேலைகளைத் தம் தலையில் எடுத்துச் செய்த சித்தப்பாமாருக்கும், சமைத்துக் கொண்டு வந்தவர்களுக்கும், பாடையைச் சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும், மூன்று நாளும் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்ற ரஹீம் நானாவுக்கும், தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலருக்கு அப்பாவே நேரில் நன்றி சொல்லியிருக்கிறார். எனக்கும் சொன்னார், வேறு ஒருவர் என்று நினைத்து. அதை ஏற்றுக்கொள்ள இன்னும் என்னால் முடியவில்லை. எங்களுடையதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மகள்